ஏலாக்குறிச்சி சாமியாரும் தரங்கம்பாடி அச்சுக்கூடமும்



தேவ ஊழியர்களின் ஜீவிய சரித்திரம் என்றால் நமக்குக் கொள்ளைப் பிரியம். சீகன்பால்க் ஐயரைப் பற்றி, தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயரைப் பற்றி எத்தனையோ முறை வாசித்துக் கண்ணீர் விட்டிருக்கிறோம். இந்த முறை நான் எழுதப்போகிறவர் பெயரைப் பார்த்ததும் சிலர் பக்கத்தைத் திருப்பிவிடக்கூடும். அவர் கத்தோலிக்கர். இயேசு சபைக் குரு. அதுமட்டுமா, நம் சுவிசேஷ முன்னோர்களை எதிர்த்துப் புத்தகம் புத்தகமாக எழுதினவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த வீரமாமுனிவர்தான் அவர். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

ஏன் இவர் என்று தஞ்சாவூர் சீமையில் ஊழியம் செய்கிறவர்கள் கேட்க மாட்டார்கள். வேளாங்கண்ணியும் பூண்டியும் நம்ம பக்கத்து ஊர்கள். நம் சபைகளில் கைதட்டிப் பாடுகிறவர்களில் எத்தனை பேர் ஆர்.சி. குடும்பத்திலிருந்து வந்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே வீட்டில் அண்ணன் பூசைக்குப் போறார், தம்பி நம்மகிட்ட ஆராதனைக்கு வர்றார். ஒரே வாய்க்கால் தண்ணிதான் இரண்டு பேர் வயலுக்கும் பாயுது. ஆனால் தம்பி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து பேச்சுவார்த்தை நின்றுபோகிறது. அம்மா கண்ணை மூடினால் எந்தக் கல்லறை, சாமியார் மந்திரிக்கணுமா, பாஸ்டர் ஜெபிக்கணுமா என்று பிரேதத்தை நடுவீட்டில் கிடத்திவிட்டுப் பஞ்சாயத்து பண்றாங்க. அவர்கள் நம்மை அல்லேலூயாக்காரன் என்கிறார்கள். நாம் அவர்களைச் சிலை கும்பிடுகிறவர்கள் என்கிறோம். புறஜாதியார் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இந்தச் சண்டை நேற்று முளைத்தது அல்ல. ஏறக்குறைய 300 வருஷங்களுக்கு முன்னே இதே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஆரம்பித்தது. ஆரம்பத்தில் மும்முரமாய் நின்றவர்களில் ஒருவர் வீரமாமுனிவர். ஆகவே இவர் சரித்திரத்தைத் தெரிந்துகொள்வது நமக்கு மிகவும் பிரயோஜனம்.

இத்தாலி தேசத்தில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி. பதினெட்டாவது வயதிலே, 1698-ல், இயேசு சபையில் சேர்ந்தார். தமிழ்நாட்டிலிருந்து போன மிஷனெரிக் கடிதங்கள் அந்நாட்களில் ஐரோப்பாவெங்கும் வாசிக்கப்பட்டு, வாலிபர்களின் இருதயத்தைக் கிளறின. இவரும் அப்படியே அழைப்புப் பெற்று, 1710-ல் கோவா வந்து இறங்கினார். அடுத்த வருஷம் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சீகன்பால்க்கும் புளுட்சோவும் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினது 1706-ம் வருஷம் ஜூலை 9-ந் தேதி. அதாவது இந்த இரண்டு ஊழியமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நம் மண்ணுக்கு வந்தன. ஒன்று ஜெர்மனியிலிருந்து, மற்றது இத்தாலியிலிருந்து. இரண்டு பக்கத்தாரும் வீட்டை விட்டு, தாய் தகப்பனை விட்டு, திரும்பிப் போவோம் என்ற நிச்சயமில்லாமல் கப்பலேறினவர்கள். சீகன்பால்க் 36-வது வயதில் தரங்கம்பாடியிலேயே மரித்தார். பெஸ்கியும் தன் ஊரை மறுபடி பார்க்கவே இல்லை.

வந்த புதிதில் அவர் தெற்கே காமநாயக்கன்பட்டி, கயத்தாறு பக்கங்களில் வேலை செய்தார். அந்த ஆரம்ப வருஷங்களில் பிடிக்கப்பட்டு, மரணத் தீர்ப்பு வரைக்கும் போய்த் தப்பினதாக அவர் சபையாரின் வரலாறு சொல்கிறது. முதலில் தன் பெயரைத் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். அதுதான் பிற்பாடு செந்தமிழில் வீரமாமுனிவர் என்று ஆயிற்று. தமிழ்ப் புலவர்களின் காலடியில் உட்கார்ந்து படித்தார். சுப்ரதீபக் கவிராயர் அவருக்கு ஆசிரியராக இருந்தவர் என்று சொல்லுவார்கள். முப்பது வயதுக்கு மேல் ஒரு புது பாஷையைத் தொட்டு, அதிலே காவியம் பாடுகிற அளவுக்கு ஏறினார். பாஷை படிக்கச் சோம்பல்படுகிற ஊழியர்கள் இதைக் கேட்கட்டும்!

பிறகு அவர் வந்து தங்கின இடம் ஏலாக்குறிச்சி. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போய், கொள்ளிடம் பாலம் தாண்டினால் திருமானூர். அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். இப்போது அரியலூர் மாவட்டம். அந்நாளில் கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் தஞ்சை மராட்டிய ராஜ்ஜியம். அந்தப் பக்கம் அரியலூர் மழவராயர் பாளையம். 1701-ல் தஞ்சை ராஜ்ஜியத்தில் கிறிஸ்தவர்கள்மேல் பயங்கரமான உபத்திரவம் எழும்பினது. ஆற்றைத் தாண்டிவிட்டால் வேறு ராஜா ஆட்சி. ஓடி வருகிறவர்களுக்கு ஏலாக்குறிச்சி ஒதுங்கும் இடமாயிருந்தது. அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார் முனிவர். கோயிலுக்கு அடைக்கல மாதா கோயில் என்று பேர். அரியலூர் அதிபதி அங்கே நிலம் தானம் பண்ணினார். அவருக்கு வந்த கொடிய ராஜபிளவையை முனிவர் குணமாக்கினதற்கு நன்றிக்காணிக்கை அது என்று அந்த ஊர் ஜனங்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். பூண்டியிலும் முதல் கோயிலைக் கட்டினவர் இவர்தான் என்பது அங்கே போகிறவர்களின் நம்பிக்கை.

அவர் பல்லக்கில் போனார், பட்டு உடுத்தினார், புலித்தோல்மேல் உட்கார்ந்தார், சந்தா சாகிபுவிடம் திவானாக இருந்தார் என்றெல்லாம் ஒரு கட்டு கதைகள் உண்டு. அவர் மரித்து வெகு காலத்துக்குப் பிறகு முத்துசாமிப் பிள்ளை எழுதின சரித்திரத்தில் இவை வருகின்றன. ஆராய்ச்சிக்காரர் பலர் சந்தேகப்படுகிறார்கள். எனக்கும் இவை தேவையில்லை. அவர் செய்து வைத்த வேலையே போதுமானது.

என்ன வேலை? 1726-ல் தேம்பாவணி என்ற பெருங்காப்பியத்தை முடித்தார். நம் ஆண்டவரை வளர்த்த யோசேப்பின் சரித்திரம் அது. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாட்டு. கம்பனையும் சிந்தாமணியையும் படித்து ஊறின புலவர்கள் நடுவே, நாசரேத்துத் தச்சனைக் காவியத் தலைவனாக்கி நிறுத்திவிட்டார். 1727-ல் வேதியர் ஒழுக்கம் எழுதினார். அது உபதேசியார்களுக்காக, கிராமம் கிராமமாக நடந்து ஜனங்களுக்கு ஜெபமும் மந்திரமும் சொல்லிக்கொடுத்த எளிய ஊழியர்களுக்காக எழுதின உரைநடை. இந்தப் புத்தகம்தான் எனக்கு அவர்மேல் மரியாதையை உண்டாக்கினது. பெரிய பண்டிதர் ஒருத்தர், கால்நடையாய்ப் போகிற உபதேசியாரின் ஆத்துமாவைப் பற்றி உட்கார்ந்து யோசித்திருக்கிறார். 1730-ல் தொன்னூல் விளக்கம் என்ற இலக்கணம், 1732-ல் சதுரகராதி. பரமார்த்த குருவும் அவருடைய ஐந்து மட்டிச் சீஷர்களும் ஆற்றைக் கடக்கப் பயந்த கதையும் இவர் எழுதினதே. சதுரகராதிதான் தமிழில் சொற்களை அகர வரிசையில் அடுக்கின அகராதிகளுக்கு வழிகாட்டி.

இன்னொன்று. பழைய ஏட்டிலும் பழைய அச்சிலும் குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் இன்றைக்கு இருக்கிற வித்தியாசம் இல்லை. தரங்கம்பாடியின் பழைய அச்சுப் புத்தகங்களைப் பார்த்தால் தேவன் என்பது தெவன் என்றே கிடக்கும். வாசிக்கிறவர்தான் இடம் அறிந்து நீட்டி வாசிக்க வேண்டும். கொம்பின் மேலே ஒரு சுழி சுழித்து நெடிலைக் காட்டும் திருத்தத்தை வீரமாமுனிவர் பேரிலேயே தமிழ் உலகம் சொல்கிறது. அச்சில் அது நிலைபெற நாள் பிடித்தது. இப்போது யோசித்துப் பாருங்கள். தேவன், இயேசு, ஸ்தோத்திரம். நாம் தினமும் எழுதுகிற இந்த மூன்று வார்த்தையிலும் அந்தச் சுழி இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லிவிடுகிறேன். மாதா வணக்கத்திலும், மரித்த பரிசுத்தவான்களை நோக்கி மன்றாடுவதிலும், குழந்தை ஞானஸ்நானத்திலும் எனக்குச் சம்மதமில்லை. தேம்பாவணியிலும் காவலூர்க் கலம்பகத்திலும் நான் ஆமென் சொல்ல முடியாத இடங்கள் நிறைய உண்டு. அதை மறைத்து எழுதினால் இது சிநேகமாகாது, முகஸ்துதியாகிவிடும். வீரமாமுனிவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஏனென்றால், வித்தியாசத்தை மூடி மறைக்கிற ஆள் அவர் இல்லை. மகா சண்டைக்காரர்!

சண்டைக்கு வருவோம். தரங்கம்பாடியில் அச்சு இயந்திரம் வந்து, 1714, 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளியே போனது. ராஜநாயக்கன் என்று ஒருவர் தஞ்சாவூர் படையில் சேவகம் பண்ணின கத்தோலிக்கர். அவர் கையில் அந்தச் சுவிசேஷப் புத்தகம் அகப்பட்டது. வாசித்தார், வாசித்தார், விடவே முடியவில்லை. 1727-ல் தரங்கம்பாடிக்கே போய் மிஷனெரிகளைப் பார்த்தார். பிறகு தஞ்சைப் பக்கத்திலே அவர்களுடைய உபதேசியாராகி, சொந்த ஜனங்கள் நடுவில் பிரசங்கித்தார். அவரைப் பின்பற்றிப் பல குடும்பங்கள் வந்தன. பழைய சபைக்காரருக்குக் கோபம் பொங்கினது. உறவு பிரிந்தது, கலகம் எழுந்தது, அடிதடியும் நடந்தது. ஒரே ஜாதி, ஒரே தெரு, ஒரே ஆண்டவர் பேரைச் சொல்கிறவர்கள். இன்று நம் வீடுகளில் பார்க்கிற காட்சிதான்.

வீரமாமுனிவர் சும்மா இருப்பாரா? தன் மந்தையை யாரோ கொண்டுபோகிறார்கள் என்று பார்த்தார். 1728-ல் வேதவிளக்கம் வந்தது. லுத்தரின் வழியைக் கண்டித்துச் சரமாரியாக எழுதினார். மிஷனெரிகள் செய்த வேதாகம மொழிபெயர்ப்பின் தமிழையும் கேலி பண்ணினார். தரங்கம்பாடியிலிருந்து மறுப்பு வந்தபோது பேதகமறுத்தல் என்று மறுபடி பதில். லுத்தேரினத்து இயல்பு என்று இன்னொன்று. சாந்தமான வார்த்தைகள் அல்ல. அந்நாளில் கத்தோலிக்கர் நம் பக்கத்தாரைப் பதிதர் என்றார்கள். நம் பக்கத்தாரும் அவர்களைக் கண்ணியமாகப் பேசிவிடவில்லை.

கேலி என்றாலும் அதில் உண்மையும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். சீகன்பால்க் வந்து சில வருஷங்களிலேயே செய்த மொழிபெயர்ப்பு அது. அத்தனை சீக்கிரம் முடித்தது தேவ கிருபை. ஆனால் அந்தத் தமிழ் கரடுமுரடுதான். பப்ரிசியஸ் ஐயர் வந்து, வருஷக்கணக்கில் முழங்காலில் நின்று அதைத் திருத்தி, 1770-களில் புதிய ஏற்பாட்டைப் புதிதாய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கும் பிறகு ஹென்றி பவர் ஐயர் முன்நின்று செய்த 1871-ம் வருஷத்து மொழிபெயர்ப்பைத்தான் நாம் இன்றைக்கும் கையில் வைத்திருக்கிறோம். எதிராளி சொன்னான் என்பதற்காகக் குறை குறையில்லாமல் போய்விடாதே.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. வீரமாமுனிவர் 1728-ல் இன்னொரு புத்தகமும் முடித்திருந்தார். வேதவிளக்கம் எழுதின அதே வருஷம். அது லத்தீன் பாஷையில் எழுதின கொடுந்தமிழ் இலக்கணம். கொடுந்தமிழ் என்றால் பேச்சுத் தமிழ், சந்தையிலும் வயலிலும் ஜனங்கள் பேசுகிற தமிழ். புதிதாய்க் கப்பலிறங்குகிற இயேசு சபைக் குருமார் ஜனங்களோடு பேசிப் பழகத்தக்கதாக எழுதினார். ஆனால் அவர் பக்கத்தில் தமிழ் அச்சுக்கூடம் இல்லை. கையால் பிரதியெடுத்துத்தான் படித்தார்கள். அப்படி ஒரு பிரதி தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தது. ஏலாக்குறிச்சியிலிருந்து தரங்கம்பாடி, நேர்க்கோட்டில் பார்த்தால் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நடுவே எவ்வளவு பெரிய பிளப்பு!

தரங்கம்பாடிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1738-ம் வருஷம் அதைத் தங்கள் மிஷன் அச்சுக்கூடத்தில் அச்சடித்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்னே தங்களை வறுத்தெடுத்தவருடைய புத்தகம்! பெயரை மறைத்தார்களா? இல்லை. முதல் பக்கத்திலே ஆசிரியர் பெஸ்கி என்று போட்டார்கள். அவர் இயேசு சபையார் என்பதையும் போட்டார்கள். இயேசு சபை மிஷனெரிகளின் உபயோகத்துக்காக எழுதப்பட்டது என்பதைக்கூட எடுக்கவில்லை. கீழே டேனிஷ் மிஷன் அச்சு, தரங்கம்பாடி என்று தங்கள் பெயர். இரண்டு பெயரும் ஒரே தாளில். முனிவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். அவருடைய தேம்பாவணியும் மற்றப் பெரிய நூல்களும் அவர் மறைந்து பல காலம் சென்றபின்தான் அச்சைப் பார்த்தன. அடுத்த வருஷம், 1739-ல், தரங்கம்பாடி மிஷனெரி வால்தர், அந்த இலக்கணத்துக்குத் துணையாக மேலும் சில குறிப்புகளை எழுதி அதே அச்சில் போட்டார்.

நான் இதை முதன்முதல் அறிந்தபோது வெகுநேரம் யோசித்தேன். அவர்கள் சமாதான ஒப்பந்தம் எழுதிக்கொள்ளவில்லை. ஒருவரை ஒருவர் கட்டித் தழுவவும் இல்லை. உபதேச வித்தியாசம் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை. ஆனாலும் நல்ல புத்தகத்தை நல்ல புத்தகம் என்று சொல்லவும், செய்தவனுடைய பெயரை அதன்மேல் மரியாதையாய்ப் போடவும் அவர்களுக்கு மனசு இருந்தது. ஜனங்கள் சுவிசேஷத்தைத் தங்கள் சொந்தப் பேச்சில் கேட்க வேண்டும் என்ற பாரம் கௌரவத்தை ஜெயித்தது. நம்மில் எத்தனை பேர், பக்கத்து மாதா கோயில் சாமியார் குடிகாரர்களுக்கு மத்தியில் நல்ல வேலை செய்தால், அதை நம் பிரசங்க பீடத்தில் நின்று அவர் பெயரோடு சொல்லுவோம்? அதே மாதிரி அவர்கள் நம்மைப் பற்றிச் சொல்லுவார்களா? இரண்டு பக்கமும் கஷ்டம்தான்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் 1738-ல் தொடங்கினதும் அல்ல. சீகன்பால்க் தமிழ் படித்த காலத்தில் கத்தோலிக்கர் எழுதி வைத்த தமிழ்ப் புத்தகங்களைத் தேடி எடுத்து, அவற்றிலிருந்தே கிறிஸ்தவத் தமிழ் நடையைக் கற்றுக்கொண்டார். 1708-ல் அவர் தன் புத்தகங்களுக்கு எழுதின அட்டவணையில் கத்தோலிக்கரின் நூல்களுக்கென்று தனிப் பிரிவே உண்டு. கண்டனமும் பண்ணினார், படிக்கவும் செய்தார். நம் முதல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டிலே கடவுளுக்கு வருகிற பெயர் சருவேசுரன். அது அவர்களுடைய வார்த்தை! பப்ரிசியஸ் அதைப் பராபரன் என்று மாற்றினார், பவர் காலத்தில் தேவன் ஆயிற்று. விசுவாசம், ஞானஸ்நானம் என்ற வார்த்தைகளும் 17-ம் நூற்றாண்டு இயேசு சபைக் குருமாரின் தமிழிலே வழங்கினவைதான். அண்ணன் தம்பி பேச்சை நிறுத்துவதற்குக் காரணமாகிற அந்த ஞானஸ்நானம் என்ற சொல்லே, அண்ணன் சபையிலிருந்து தம்பி சபைக்கு வந்த சொல். விநோதம் என்னவென்றால், கத்தோலிக்கர் இப்போது அதைத் திருமுழுக்கு என்கிறார்கள். முழுக்கு என்பது நம்ம பேச்சு! அவர்கள் விட்டதை நாம் வைத்திருக்கிறோம், நாம் சொல்வதை அவர்கள் எழுதுகிறார்கள்.

இந்தப் பிளப்பு இங்கே மட்டும் இல்லை. முனிவர் பிறந்த இத்தாலி தேசத்திலே 1935-ல் பெந்தெகொஸ்தே ஆராதனையையே அரசாங்கம் தடை பண்ணினது. நம் சகோதரர்கள் ஒளிந்து கூடி ஜெபித்தார்கள், பிடிபட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களைக் குற்றம்சாட்டினவர்களில் கத்தோலிக்கரும் இருந்தார்கள். 2014-ம் வருஷம் ஜூலையில் போப் பிரான்சிஸ், கசேர்த்தா என்ற ஊரிலுள்ள ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குத் தாமே போய், அதற்காக மன்னிப்புக் கேட்டார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த நம் பெந்தெகொஸ்தே ஊழியர் டேவிட் டூ பிளெசி, தன் சொந்த சபையாரே கைவிட்டபோதும் கத்தோலிக்கரோடு பேசுவதை நிறுத்தவில்லை. 1972-ல் இரு பக்கத்து வேதபண்டிதர்களும் வருஷந்தோறும் உட்கார்ந்து பேசும் கூட்டம் அவரால்தான் பிறந்தது. 1967-ல் அமெரிக்காவில் கத்தோலிக்க மாணவர் நடுவே தொடங்கின ஆவியானவரின் அசைவு பிறகு நம் தேசத்துக்கும் வந்தது. இன்று அவர்கள் கூட்டங்களிலும் அந்நிய பாஷையும் அல்லேலூயாவும் கேட்கிறது. 1999-ல் லுத்தரன் சபைகளும் கத்தோலிக்க சபையும் விசுவாசத்தினாலே நீதிமானாகிறதைப் பற்றி ஒன்றாய்க் கையெழுத்துப் போட்டார்கள். வேதவிளக்கம் எழுதின கைக்கு இது எப்படி இருந்திருக்குமோ! நம் தமிழ்நாட்டிலோ 1995-ல் கத்தோலிக்க பண்டிதரும் பிராட்டஸ்டண்டு பண்டிதரும் சேர்ந்து உழைத்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதை நம்மில் அநேகர் தொடுவதில்லை. பழைய மொழிபெயர்ப்பின் மேல் நமக்கு இருக்கிற பாசம் அப்படி. எனக்கும் அந்தப் பாசம்தான். ஆனால் ஆர்.சி. வீட்டுக்கு ஜெபிக்கப் போகிற நாளில் நான் அந்தப் பொது மொழிபெயர்ப்பை எடுத்துப் போவேன். அவர்கள் வீட்டிலும் அதே புத்தகம் இருக்கும். இருவரும் ஒரே பக்கத்தைத் திறக்கலாம். யோவான் 17-ம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் பண்ணின ஜெபத்தை அப்படிச் சேர்ந்து வாசித்துப் பாருங்கள். தர்க்கம் பிறகு பண்ணிக்கொள்ளலாம். வீட்டுக்காரம்மா காப்பி கொண்டுவந்தால் முதலில் அதைக் குடியுங்கள்.

முனிவரின் கடைசி வருஷங்களுக்கு வருவோம். 1740-க்குப் பிறகு காவிரிச் சீமை போர்க்களமாயிற்று. மராட்டியரும் நவாபுகளும் மாறி மாறி வந்து திருச்சியைப் பிடித்தார்கள், விட்டார்கள். விளைந்த வயல்கள் குதிரைகளுக்குத் தீனியாயின. ஏறக்குறைய முப்பது வருஷம் உழைத்தவர், அறுபது வயதில் இந்தப் பக்கத்தை விட்டுத் தெற்கே கடற்கரைக்குப் போனார். அங்கிருந்து மலையாள நாட்டு அம்பலக்காடு. அங்கே 1747-ம் வருஷம் பிப்ரவரி 4-ந் தேதி கண்ணை மூடினார். 66 வயது. கொள்ளிடக் கரையிலே அடக்கம்பண்ணப்படும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1968-ல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் மட்டும் நம்மவர் வீட்டை விட்டுப் போகவில்லை. தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரின் மிஷனைச் சேர்ந்த ஹார்ஸ்ட் ஐயர் அதை லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்பினார். அது 1831-ல் சென்னை வேப்பேரி மிஷன் அச்சுக்கூடத்தில் அச்சானது. ஆரஞ்சுப் பழம் விற்கிறவளிடமும், நடவு நடுகிறவளிடமும், பல்லக்குத் தூக்குகிறவனிடமும் இயேசுவைப் பற்றிப் பேச ஆசைப்பட்டு இங்கிலாந்திலிருந்து வந்திறங்கின சுவிசேஷ ஊழியர்கள், அந்தப் புத்தகத்தைத் திறந்து, ஏலாக்குறிச்சி சாமியார் காட்டினபடியே வருகிறேன், வருகிறாய், வருகிறான் என்று சொல்லிப் பழகினார்கள்.